விலாசப்படி பிரித்த பெயர்கள்

போரால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கொடிகாமத்துப் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த காலம். பிள்ளைகளின் நிறை எழுதும் பதிவேடு சிகிச்சை நிலையத்தில் என் பொறுப்பில் இருந்தது. புள்ளிவிபரவியல் படித்திருந்தேன், கணினியும் பழகியிருந்தேன். மின்சாரம் இல்லாததால் எழுதக் கொப்பியும் கோடிழுக்க அடிமட்டமுந்தான்.

முதலில் ஐந்து வயதுக்குட்பட்டோரை விலாசப்படி பிரித்தேன். எங்கள் பகுதிக்கு ஒரு கொப்பி. வெளி விலாசங்களை அந்தந்தப் பகுதி நிலையங்கள் கவனிக்கும் என்று வேறு கொப்பியில் எழுதி மூடிவைத்தேன். நிறை குறைந்த பிள்ளைகளின் எண்ணிக்கை இறங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த நிறுவை நாளுக்குப் பிறகு மருத்துவமாது பட்டியலைப் பார்த்தார். பிரசவமும் பிள்ளைநலமும் பார்க்கச் சைக்கிளில் வீடுவீடாகப் போகிறவர். மயிலிட்டி மீனவர் ஒருவரின் பதினெட்டு மாத மகளைத் தேடினார். நிறை இறங்கிக்கொண்டே வந்த குழந்தை. மற்றக் கொப்பியைக் காட்டினேன்.

"பிள்ளை, மயிலிட்டியிலை இப்ப ஆர் நிறுக்கிறது? அங்கை சனமே இல்லை."

"அந்த விலாசந்தானே அக்கா குடுத்திருக்கினம்."

"கேட்டால் அதைத்தான் சொல்லுவினம். வகுப்பு வாங்கிலை படுத்தெழும்புறவள் பள்ளிக்கூடத்தைத் தன்ரை வீடெண்டு சொல்லுவாளே?"

நிவாரண அரிசி எடுக்கும் இடத்தில் மட்டும் யாரும் தாங்கள் இருக்கிற இடத்தைப் பிழையாகச் சொல்லமாட்டார்கள் என்றார். கிராம சேவகரிடம் நிவாரணப் பட்டியலைக் கேட்டார். அவர் தயங்கினார். இதைக் கொண்டு ஒருவருடைய பங்கும் குறையாது என்று வாக்குக் கொடுத்த பிறகே தந்தார். அதில் தகப்பன் பெயர், என் கொப்பியில் தாயும் பிள்ளையும். யார் யாருடைய மனைவி என்பதெல்லாம் மருத்துவமாதுவின் நினைவில் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் கோடிழுத்து இணைத்தேன். மத்தியானம் முழுவதும் அதிலேயே போனது. எந்த விரிவுரையிலும் நான் அப்படியொரு வேலையைப் பார்த்ததில்லை.

அந்த மயிலிட்டிக் குடும்பம் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறியிருந்தது. அன்றே போனோம்.

"நிறுக்கக் கொண்டு வந்தனான், பேர் இல்லையெண்டு திருப்பி அனுப்பினவை," என்றாள் தாய், குழந்தையைத் தோளில் போட்டபடி. இல்லையென்று சொன்னது என் பட்டியல். நானே அதைச் சொன்னேன். மருத்துவமாது தராசை மாமரக் கொப்பில் கட்டினார். நிறை இன்னும் இறங்கியிருந்தது. சத்துமாவைக் கையில் கொடுத்து, கரைக்கும் விதத்தைக் காட்டினார். கிழமைக்கொருமுறை தானே வருவதாகச் சொன்னார். என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை.

திரும்பியதும் ஊர் என்றொரு நிரலும், இருக்கிற இடம் என்றொரு நிரலும் கீறினேன். மூடிய கொப்பியிலிருந்த எல்லாரையும் தேடிப் போனோம்.

இரண்டாம் மாதம் குழந்தையை நிறுத்துவிட்டு, நிறையைப் புள்ளியிட்டுக் குறிக்கும் அட்டையையும் பேனையையும் மருத்துவமாது என்னிடம் நீட்டினார். புள்ளியை நான் போட்டேன். முந்தியதைவிட ஒரு கட்டம் மேலே.