வெண்ணெய் போல உருகும் லென்ஸ்

அத்-பாஷி மலையூரில் கல்யாணம் நடந்த எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் எஸென்குல் எடுத்த படம் ஒன்று தொங்கும். இருபத்திரண்டு வருஷமாக மணப்பெண்களையும் கறித் தட்டுகளையும் குடித்துவிட்டுத் தள்ளாடும் மைத்துனர்களையும் எடுத்துச் சலித்த கை அது. படம் அழகாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. மாமாவின் தொப்பி தெரிகிறது, மூலையில் இருந்த பெரியம்மா தெரிகிறாள், மேசையில் என்னென்ன வைத்தோம் என்பதும் தெரிகிறது என்பார்கள். அவர்களுக்கு அது போதும். அவனுக்குத்தான் போதவில்லை.

கேடு காலம் போன் வழியாக வந்தது. அவன் மிரர்லெஸ் காமிரா வாங்கிய வாரம், நாரின் மாவட்டத்துக் கல்யாணப் படக்காரர்கள் பன்னிரண்டு பேர் இருந்த குழுவில் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே ஒருவன்கூட மனிதரைப் பற்றிப் பேசவில்லை. லென்ஸைச் சோதிக்கச் செங்கல் சுவரைப் படம் எடுத்து, ஓரத்துச் செங்கல் கூராக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துச் சண்டை போட்டார்கள். காமிராக் கம்பெனியின் சொந்த லென்ஸ் ஒவ்வொன்றும் இரண்டு குதிரை விலை. அதனால் வேறு கம்பெனிக்காரர்கள் அதே காமிராவுக்குப் பொருந்தும்படி செய்து விற்கும் லென்ஸ்களில் எது உசத்தி, எது குப்பை என்று விடிய விடிய வாய்க்கால் தகராறு. வாங்கினவன் வாங்காதவனைத் திட்டுவான். வாங்காதவன் எல்லாரையும் திட்டுவான். எஸென்குலுக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் திறந்தான். சாக்கடை என்று தெரிந்தும் எட்டிப் பார்க்கிற புத்தியை என்னவென்று சொல்வது?

ஆறு மாதம் இப்படிப் போனது. அவன் மனைவி துமார் ரொட்டி சுடுகிறபோதும் அவன் கண் போனில்தான்.

“அடுப்படிச் சுவர் இடிஞ்சு மூணு மாசமாச்சு,” என்றாள் துமார். “அதையும் போட்டோ எடுத்துப் போடேன். உன் கூட்டாளிங்க செங்கல் நல்லாருக்குன்னு சொல்லுவாங்க.”

கடைசியில் லென்ஸ் வாங்கத் தலைநகர் பிஷ்கெக் போனான். கடைக்காரர் தாவூத் நரைத்த மீசைக்காரர், விற்பதற்கு அவசரப்படாதவர். இரண்டு லென்ஸ்களைக் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தார். இரண்டும் வேறு கம்பெனிச் சரக்கு, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று ஜூம், அகலமாகவும் கிட்டமாகவும் மாற்றிக்கொள்ளலாம். மற்றது எண்பத்தைந்து மில்லிமீட்டர், வாய் அகன்றது, கனம்.

“உங்க ஊர்ல வீட்டு ரூமெல்லாம் எப்படி தம்பி?”

“பத்து பேர் உக்காந்தா முட்டி இடிக்கும்ணே.”

“அப்ப ஜூமைக் கொண்டுபோ. நின்ன இடத்துலேர்ந்து எல்லாரும் வந்துருவாங்க. இந்த எண்பத்தஞ்சு அழகிதான், இல்லைங்கல. ஆனா ஒருத்தரைத்தான் பார்க்கும். பின்னாடி நிக்கிறவனை மனுஷனாவே மதிக்காது.”

எஸென்குல் அழகியை மாட்டித் தாவூத்தையே ஒரு படம் எடுத்தான். மீசை மயிரை எண்ணலாம் போல இருந்தது. பின்னால் இருந்த அலமாரியும் பெட்டிகளும் கரைந்து ஒன்றாகிவிட்டன. குழுவில் இதற்கு ‘வெண்ணெய்’ என்று பெயர். அதற்குமேல் அவனுக்குக் காது கேட்கவில்லை. ஜூம் மேசையிலேயே கிடந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் கசிபேக்கின் மகள் பெர்மெத்துக்குக் கல்யாணம். கசிபேக் முப்பது வருஷம் டோலோன் கணவாயில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். காமிராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். இப்போது ஈரல் கெட்டு, விருந்து மேசைக்கு வரவும் தெம்பில்லாமல் கிடந்தார். தாயில்லாத பெண் பெர்மெத். முதல் நாளே எஸென்குலைத் தேடி வந்தாள்.

“அண்ணே, நாளைக்கு நான் வாசல் தாண்டுறப்ப அப்பா பின்னாடி நின்னு கை விரிச்சு ஆசி சொல்லுவாரு. நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. நம்ம வழக்கம் உங்களுக்கே தெரியும். அப்பா முகத்தை எனக்காக நீங்க பார்த்து வைங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“அதுக்குத்தானேம்மா இருக்கேன்,” என்றான்.

மறுநாள் சீதனப் பெட்டிகளோடு சொந்தக்காரர்கள் எல்லாரும் முற்றத்தில் நின்ற கார்களுக்குப் போய்விட்டார்கள். ஒரே ஹார்ன் சத்தம். அறைக்குள் கசிபேக் மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றார். அண்ணி ஒருத்தி பெர்மெத்தின் கையைப் பிடித்து முன்னால் நடத்தி வந்தாள். எண்பத்தைந்துக்கு அந்த அறை போதவில்லை. எஸென்குல் பின்வாங்கிப் பின்வாங்கி, நடைவழியில் கிடந்த செருப்புக் குவியலில் ஏறி நின்று காமிராவைக் கண்ணில் வைத்தான். அது தானாகவே கிட்டத்தில் இருந்த கண்ணைப் பிடித்துக்கொண்டது. பெர்மெத்தின் இமை முடி ஒவ்வொன்றும், அதில் தொங்கிய ஒரு சொட்டும் தெரிந்தன. குவியத்தைப் பின்னால் தள்ள ஒரு விரல் அசைவு போதும். அவன் விரல் அங்கே போகவும் போனது. ஆனால் அந்தச் சொட்டு அவ்வளவு அழகாக இருந்தது. தள்ளவில்லை.

அடுத்த நொடி அவள் அவனைத் தாண்டிப் போய்விட்டாள். அவனும் காமிராவோடு அவள் பின்னாலேயே முற்றத்துக்கு ஓடினான்.

அன்றைக்கே அந்தப் படத்தைக் குழுவில் போட்டான். செங்கல் எண்ணுகிற அத்தனை பேரும் நெருப்புப் பொம்மை அனுப்பினார்கள். “பின்னாடி வெண்ணெய்ணே, சுத்தமான வெண்ணெய்,” என்று ஒருவன் எழுதினான். மூன்று நாள் எஸென்குல் அதிலேயே மிதந்தான். துமார்தான் ஒருநாள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“பின்னாடி பழுப்பா ஏதோ நிக்குதே, என்ன அது, தொங்கப்போட்ட கோட்டா?”

எஸென்குல் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். அந்த வெண்ணெய்தான் கசிபேக். தலை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு தீற்றல், கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திட்டுகள். சீ என்று இருந்தது. குழுவின் மேல் இத்தனை நாள் துப்பிய எச்சில் எல்லாம் தன் முகத்திலேயே விழுந்ததைப் போல இருந்தது. குழுவிலிருந்து விலகினான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கல்யாணமாகிப் பத்தொன்பதாம் நாள் கசிபேக் போய்விட்டார். இறந்த நாற்பதாம் நாள் விருந்தில் எஸென்குலின் முன்னால் இடுப்பெலும்புக் கறி வைத்தார்கள். மதிப்புள்ள விருந்தாளிக்கு வைக்கிற பங்கு அது. கசிபேக்கின் கடைசிப் படத்தை எடுத்தவன் அல்லவா. தட்டைப் பக்கத்தில் இருந்த கிழவரிடம் தள்ளிவிட்டு, உறையில் கொண்டுவந்த படத்தைப் பெர்மெத்திடம் கொடுத்தான்.

அவள் அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

“இதைத் தெளிவாக்க முடியாதாண்ணே?”

“முடியாதும்மா.”

“என் முகத்தை நான் கண்ணாடியிலயே பார்த்துக்குவேனே,” என்றாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பான். படத்தை உறைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“பரவால்ல. நீங்க நேர்ல பார்த்தீங்கல்ல. அப்ப அண்ணியும் வாசலைப் பார்த்துத்தான் நடந்தாங்க, வேற யாருமே உள்ள இல்ல. அப்பா அழுதாரா, சிரிச்ச முகமா இருந்தாரா? அதை மட்டும் சொல்லுங்க.”

அந்தக் காமிராவில் லென்ஸ் பார்ப்பதைத்தான் கண்ணும் பார்க்கும். எஸென்குல் வாயைத் திறந்தான். அவன் பார்த்ததும் அதே மஞ்சள் தீற்றல்தான்.