கண்மையால் வரைந்த நரம்பு

போன வாரம் எனக்குப் பெனிசிலின் ஊசி போட வந்த கம்பவுண்டர் பையன், "திரும்பிப் படுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு, இடுப்புக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கமாக ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தான். சரியான இடம். கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டால் என்ன என்று சும்மா கேட்டுவைத்தேன். "அங்க பெரிய நரம்பு இருக்கு. உங்களுக்கு அதெல்லாம் புரியாது" என்றான். முப்பது வருஷத்துக்கு மேல் கத்தி பிடித்தவனிடம் சொல்கிறான். ஆனால் வேட்டியை இறக்கிவிட்டுக் குப்புறக் கிடக்கிறவன் எந்த முகத்தோடு கௌரவம் பேசுவது? 

அந்த ஸ்பிரிட் வாசனை இருக்கிறதே, அது ஒன்றுமில்லை. எங்கள் காலத்தில் கிருமி கொல்லக் கார்பாலிக். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நான் அசிஸ்டெண்டாகச் சேர்ந்த புதிதில், தெருமுனையில் திரும்பும்போதே என் வாசனை வீட்டுக்குப் போய்விடும். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் அத்தாவுக்கு என்னைப் பற்றிப் பெருமையோ பெருமை. ஒரே ஒரு சங்கடம். டாக்டர் பரீட்சையில் எனக்குக் கேள்வி விழுந்தது பிட்டத்தில்; நான் வெளுத்து வாங்கியதும் அதில்தான். மகன் எதில் கெட்டிக்காரன் என்று யாராவது கேட்டால் அத்தா கூசாமல் "இருதயம்" என்று சொல்லிவிடுவார்.

சிரிக்காதீர்கள், அது லேசுப்பட்ட இடமில்லை. மேலே கம்பளிபோல ஒரு பெரிய தசை. அதைப் புரட்டினால் அடியில், ஒன்றின்கீழ் ஒன்றாக இன்னும் இரண்டு. அவற்றுக்குக் கீழே பேரிக்காய் வடிவில் ஒரு சின்னத் தசை. அதன் மேல்விளிம்பில் வருகிற நரம்பு கெட்டால் நடக்கும்போது இடுப்பு சாயும். கீழ்விளிம்பில் இறங்குவதோ கட்டைவிரல் பருமன். அது அறுந்தால் பாதம் தொங்கிப்போகும். ஆயுசுக்கும் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் நடக்கவேண்டும்.

ராஜபாளையத்துப் பெரிய வீடு ஒன்றிலிருந்து வண்டி வந்தபோது எனக்கு இதெல்லாம்தான் ஞாபகம் வந்தது. அந்த வீட்டுக்காரரை ராஜா என்றே சொல்கிறேன்; ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது. முறுக்கிய மீசை, காலடியில் இரண்டு வெள்ளை நாய்கள். தெலுங்கு பேசுகிற குடும்பம். பெண்கள் அந்நிய ஆண் கண்ணில் படமாட்டார்கள். அவர் மனைவிக்கு வலது பிட்டத்தில் ஆழமான கட்டி. காய்ச்சல் கொதிக்கிறது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. இதையெல்லாம் வன்னியம்பட்டி மருத்துவச்சி மாடத்திதான் திரைக்கு அந்தப்பக்கமிருந்து வந்து எனக்குச் சொன்னாள். மதுரையில் பெண் டாக்டர் உண்டு. வண்டி மதுரை போய்ச் சேரும்வரை சீழ் காத்திருக்காது.

நான் பார்த்தாக வேண்டும் என்றேன். ராஜா தலையை ஆட்டினார். "அது மட்டும் ஆகாது ராவுத்தரே. வேற வழி சொல்லும்."

வேறு வழி ஒன்றுதான். மாடத்தி அறுக்கவேண்டும். அவள் அதற்குப் பயப்படவில்லை. நரம்பு எங்கே கிடக்கிறது என்று தனக்கு எப்படித் தெரியும் என்றாள். நியாயமான கேள்வி. வாயால் விளக்கினேன், ஏறவில்லை. தலையணையை வைத்துக் காட்டினேன். தலையணைக்கு ஏது எலும்பு? திரைக்குப் பின்னால் அந்த அம்மாளின் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

ராஜா எழுந்தார். வேலைக்காரர்களையும் நாய்களையும் வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டார். பாயை விரித்தார். வேட்டியைத் தளர்த்திக்கொண்டு குப்புறப் படுத்தார். "என் மேல எழுதிக் காட்டும்" என்றார்.

எதால் எழுதுவது? திரைக்குள்ளிருந்து கண்மைச் சிமிழ் வந்தது. அவருடைய இடது பக்கத்தில் எலும்பு முனைகளைத் தொட்டுக் காட்டிப் பெரிய நரம்பு இறங்கும் வழியைக் கண்மையால் இழுத்தேன். வெளிப்பக்கம் அறுக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு. தோலுக்கு மட்டும் கத்தி, உள்ளே மழுங்கிய இடுக்கியைக் குத்தி மெல்ல விரிக்கவேண்டும். மழுங்கிய முனை நரம்பை ஒதுக்குமே தவிர அறுக்காது. இனி வலது பக்கத்தில் நீயே வரை என்று மாடத்தியிடம் சொன்னேன். ராஜாவைத் தொடத் துணியாமல் அவள் சிமிழை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"ஏட்டி, அங்க அவளுக்கு வலிக்குது. வரை" என்றார் ராஜா, முகத்தைப் பாயில் புதைத்தபடி.

வரைந்தாள். ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தது, திருத்தினேன். அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். இம்முறை நானே வரைந்தாலும் அதைவிடச் சரியாக இருந்திருக்காது.

அவள் திரைக்குள் போனாள். நான் மூச்சைக் கவனிக்க முடியாத இடத்தில் மயங்கவைக்கக் குளோரோபாரம் கொடுக்கத் துணியவில்லை. நாடி பார்ப்பதற்காகத் திரை இடுக்கில் அந்த அம்மாளின் மணிக்கட்டு மட்டும் வந்தது. கத்தி இறங்கியபோது நாடி என் விரலடியில் பாய்ந்து ஓடியது. "நொப்பி லேது" என்றது குரல். தெலுங்கில், வலி இல்லை என்று. அப்படி ஒரு பொய்யை என் ஆயுசில் கேட்டதில்லை. பிறகு சீழ் நாற்றம் வந்தது. ஒரு நாற்றத்துக்காக நான் அல்லாவுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

பாதத்தை மேலே தூக்கச் சொல் என்றேன். 

"தூக்குதாவ டாக்டரய்யா" என்றாள் மாடத்தி. "வெரலையும் விரிக்காவ."

ராஜா எழுந்திருக்க மறந்து, இரண்டு பக்கமும் கண்மையோடு, தோள் குலுங்கக் கிடந்தார். எனக்கு இன்றைக்கும் அந்த அறுவையில் தலைகொள்ளாப் பெருமைதான். நான் கத்தியைத் தொடவே இல்லை, ஆனாலும் பெருமைதான்.

பிறகு புண்ணுக்கு மருந்து எழுதிக்கொடுத்துக் கட்டு மாற்றுவதைக் கவனிக்க நான் தினமும் போய்வந்தேன். கார்பாலிக் மணக்க ஒருவன் போய்வந்தால் ஊர் சும்மா இருக்குமா? யாருக்கு என்ன என்று குடைந்தார்கள். ராஜாவிடம் சொன்னேன். "எனக்குத்தான் பிட்டத்தில கட்டின்னு சொல்லிவிடும்" என்றார். சொன்னதோடு விடவில்லை. ஒரு மாசம் அந்த மனிதர் வெளியே எங்குமே உட்காரவில்லை. வண்டியில் நின்றுகொண்டு போனார். பஞ்சாயத்தில் தூணைப் பிடித்து நின்று தீர்ப்புச் சொன்னார். ஊர் அவருக்கு 'நின்ன ராஜா' என்று பேர் வைத்தது. காதுபடவே சிரித்தார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பேர் அவரோடு கடைசிவரை வந்தது.

இப்போது திரை எங்கே இருக்கிறது? அந்த வீட்டுப் பேத்திகள் மதுரைக்குப் படிக்கப் போகிறார்கள். ஓர் உயிரை வாங்கப் பார்த்த துணி அது. தொலைந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ராஜா இறந்தபோது துக்கம் கேட்கப் போயிருந்தேன். கூடத்தில் அத்தனை பேர் நடுவே அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அவர் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பேரன் ஒருவன் என்னிடம் வந்து, எங்க தாத்தாவுக்கு அப்படி என்னதான் கட்டி வந்தது என்று சிரித்துக்கொண்டே கேட்டான். 

"கட்டி எனக்குடா வந்துச்சு" என்றார் அந்த அம்மாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "அவிய எனக்காக நின்னாவ."