மெர்சிக்கு வராத நோய்

போன ஞாயிறு காக்ஸ் டவுனில் என் சிநேகிதி மெர்சி வீட்டுக்குப் போயிருந்தேன். கதவு திறந்ததுமே, "நேத்து போன் பண்றேன்னு சொல்லிட்டு ஏன் பண்ணல?" என்று சண்டையை ஆரம்பித்தேன்.

"நான் கிரேஸ். மெர்சி இன்னும் சர்ச்லேர்ந்து வரல. உள்ள வாங்க."

அசடு வழிந்தேன். வேறென்ன செய்வது? இருவரும் அச்சு அசலான இரட்டையர். மூக்கு, குரல், சிரித்தால் விழும் கன்னக்குழி... எல்லாம் ஒன்று.

வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான் — கிரேஸுக்கு லூபஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். கல்லூரிக் கடைசி வருடத்தில் மூட்டுவலியாகத் தொடங்கி, சிறுநீரகம் வரை போய்விட்டது. மெர்சிக்கு ஒன்றுமே இல்லை.

ஒரே மரபணுக்கள். பிறகு ஒருத்திக்கு மட்டும் ஏன்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் மெர்சியைப் பிடித்துக்கொண்ட கேள்வி அது. வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர், புத்தகங்களை மூடிவிட்டு ஆராய்ச்சிக்குப் போனார். எபிஜெனோமிக்ஸ் — எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது, எப்போது சும்மா இருக்கிறது என்று ஆராயும் துறை.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கண்ணிலும் கல்லீரலிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தான். எது எங்கே வேலை செய்யவேண்டும், எது சும்மா இருக்கவேண்டும் என்று அவற்றின்மேல் சின்னச் சின்ன ரசாயனக் குறிகள். அவை இருப்பதால்தான் கண் கண்ணாக இருக்கிறது. இதை யோசித்துக்கொண்டே கண்ணாடி முன் நின்று பாருங்கள் — உங்கள் மேலேயே ஒரு மரியாதை வந்துவிடும்!

மெர்சியின் லேபில் பல இரட்டையர்களின் ரத்தத்தை ஒப்பிட்டார்கள். இவர்களுடையதும் அதில் உண்டு. வருடக்கணக்காகத் தேடி ஓர் இடம் சிக்கியது. மெர்சியிடம் சும்மா இருந்த ஒரு மரபணு, கிரேஸிடம் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது. அன்று லேபிலிருந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடிவந்தாராம்.

காபி கலந்துகொண்டே கிரேஸ்தான் இதையெல்லாம் சொன்னார். அப்படியானால் எனக்குச் சரியாகிவிடுமா என்று அன்று மெர்சியிடம் கேட்டிருக்கிறார்.

எத்தனை எளிது, "ஆகிடும்" என்று சொல்லிவிடுவது? மெர்சி சொல்லவில்லை.

"தெரியல கிரேஸ். அதால உனக்கு நோய் வந்துச்சா, நீ சாப்பிடற மாத்திரையால அது அப்படி ஆச்சான்னே இன்னும் தெரியல."

சொல்லிவிட்டு அழுதது விஞ்ஞானிதான். நோயாளி தேற்றியிருக்கிறார்: "பேஜார் பண்ணிக்காதே. அடுத்த வாட்டி ரத்தம் எப்ப வேணும், அதச் சொல்லு."

அந்தச் சந்தேகமே அடுத்த ஆராய்ச்சியானது. இன்னும் மாத்திரையே தொடங்காத புது நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். சிலரிடம் அதே மரபணு அப்போதே வேலை செய்துகொண்டிருந்தது. சிலரிடம் இல்லை. அதாவது... மாத்திரை மட்டுமே காரணமில்லை என்ற பாதிப் பதில். மீதிக்காக மெர்சி இன்னும் தினமும் லேபுக்குப் போகிறார். கிரேஸ் மாத்திரை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ரத்தம் கேட்கும்போதெல்லாம் கையை நீட்டுகிறார்.

பிரமிப்போடு வீடு திரும்பினேன். நானெல்லாம் ஒரு கேள்வியை அதிகபட்சம் ஒரு வாரம் சுமப்பேன் — பத்திரிகைக்கு எழுதும் பத்தி அச்சானதும் இறக்கி வைத்துவிடுவேன்.