பனிக்குப் பலகை அடித்த நாள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது லண்டனில் எனக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. அது என்னுடையது என்ற விஷயம் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

நகரம் முடிகிற விளிம்பில், பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், ஒரு முதியோர் இல்லம் இருந்தது. முன்பு பண்ணை வீடாக இருந்த பெரிய கட்டடம். வெளிக் கேட்டடியில், பச்சைக் கதவு போட்ட சின்னஞ்சிறு வீடு ஒன்று. அதைத் தாண்டினால் சரளைக் கல் போட்ட பாதை, புல்வெளிக்கு நடுவே நீளமாக மேடேறிப் போய்ப் பெரிய கட்டடத்தின் வாசலில் முடியும். அம்மா அங்கே சமையலறையில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் அப்பாவுக்கும் ஷிப்ட் இருந்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். போகும்போதும் வரும்போதும் அந்தச் சின்ன வீட்டின் ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்ப்பேன். இரண்டு அறை. பின்பக்க அறை என்னுடையது. கட்டில் எங்கே, புத்தகம் எங்கே என்பதெல்லாம் முடிவாகியிருந்தது.

நாங்கள் அப்போது ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தோம். மூன்று பேருக்கும் ஒரே அறை. சூட்கேசுகளை அடுக்கி, அதன்மேல் அம்மாவின் பழைய சேலையைத் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் எனக்கு மெத்தை போட்டிருந்தார்கள். சமையலறை நான்கு குடும்பத்துக்குப் பொது. யார் எப்போது அடுப்பில் பானை வைப்பது என்பதில் ஐக்கிய நாடுகள் சபையே தலையிடும் அளவுக்குப் பிரச்சினைகள் நடந்தன.

அந்தப் பச்சைக் கதவு வீட்டில் இருந்த தோட்டக்காரக் கிழவர் கிறிஸ்மஸுக்கு முன் தன் மகளிடம் போய்விட்டார். தோட்டம், கூரை, டிராக்டர் எல்லாவற்றையும் பார்க்கப் புதிதாக ஓர் ஆள் வேண்டும், வேலைக்கு வருகிறவருக்கு வீடும் உண்டு என்று இல்லத்தை நடத்துகிற மேட்ரன் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா அன்றைக்கே வந்து அப்பாவிடம் சொன்னார். பிறகு தினமும் சொன்னார். அறையின் நீள அகலத்தைக் கேட்டு வந்தார். திரைச்சீலைத் துணிக்குக்கூட விலை விசாரித்து வைத்திருந்தார். அப்பா மட்டும், “பாப்பம்” என்பதற்கு மேல் பேசவில்லை. பெற்றோல் ஸ்டேஷனின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது என்று அம்மா கவலைப்படுவார்.

அப்பா அப்படி உட்கார்ந்திருக்கிற ஆளில்லை. இலங்கையில், பரந்தனில் எங்களுக்கு வயல் இருந்தது. ஒரு சிவப்பு டிராக்டரும் இருந்தது. ஊரில் அதை மிசின் என்றுதான் சொல்வோம். அப்பா ஓட்ட, அவருடைய தம்பி, என் சித்தப்பா, சக்கரத்தின் மட்காட்டில் ஏறி உட்கார்ந்து பின்னால் பார்த்துக்கொண்டு வருவார். சண்டைக்குப் பயந்து நாங்கள் வெளிக்கிட்டபோது சித்தப்பா வரவில்லை. வயலையும் மிசினையும் யார் பார்க்கிறது என்று நின்றுவிட்டார். அவருடைய கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், லண்டனில் பெரிய பனி கொட்டியது. முந்தின நாள் பின்னேரம்தான் ஊரிலிருந்து நீலக் கடிதம் ஒன்று வந்தது. அப்பா அதை நின்றபடியே படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சித்தப்பா எப்படியாம் என்று கேட்டேன். “சுகமாம், நீ போய்ப் படு” என்றார் அம்மா. நேரம் ஆறு மணிகூட ஆகவில்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகப்பட்டது.

காலையில் பார்த்தால் ரோட்டைக் காணவில்லை. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவின் பெற்றோல் ஸ்டேஷனும் பூட்டு. அம்மா மட்டும் போய்த்தான் ஆக வேண்டும். இருபத்திரண்டு கிழவர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே.

“நீங்களும் வாங்கோ” என்றார் அப்பாவிடம்.

“நான் என்னத்துக்கு? நான் இஞ்ச இருக்கிறன்.”

“இல்லை. அறைக்குள்ள தனிய இருக்க வேண்டாம். வாங்கோ.”

சப்பாத்துக்குள் காலில் பிளாஸ்டிக் பைகளைச் சுற்றிக்கொண்டு மூன்று பேரும் ஒன்றரை மணி நேரம் நடந்தோம். கேட்டடியில் என் வீட்டைப் பார்த்தேன். கூரையில் பனி, பச்சைக் கதவின் அரைவாசி வரை பனி. பாதை இருந்த இடமே தெரியவில்லை. மேட்ரன் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சூடாக்கும் எண்ணெய் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். எண்ணெய் லொறி வந்தாலும் பாதையில் ஏறாது. டிராக்டர் கொட்டிலில் நிற்கிறது, ஓட்ட ஆளில்லை என்றார்.

அம்மா முந்திக்கொண்டார். “மை ஹஸ்பண்ட் டிராக்டர் டிரைவர், மேடம். வெரி குட் டிரைவர்.”

மேட்ரன் கண்ணை அகல விரித்து அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“டிரைவர் எண்டோ சொன்னனீர்?” என்றார் தமிழில், மெல்ல. “சொந்தமா மிசின் வச்சிருந்தவர் எண்டு சொல்லுறதுக்கு என்ன?”

“சொந்தக்காரருக்கு இஞ்ச வேலை இல்லை. டிரைவருக்குத்தான் வேலை. போங்கோ.”

கொட்டிலில் அப்பா தார்ப்பாயை விலக்கினார். அது சிவப்பு டிராக்டர். எங்களுடையதைவிடக் கிழடு, ஆனால் அதே முகம். அப்பா கையுறையைக் கழற்றிவிட்டு அதன் மூக்கைத் தடவினார். பிறகு ஒரு தேசிக்காய் வேண்டும் என்றார். நெடுநாள் சும்மா நின்ற மிசினைத் தேசிக்காய் நசிக்காமல் எடுக்கக் கூடாது. அம்மா சமையலறைக்கு ஓடினார். மீனுக்குப் பிழிகிற பெரிய மஞ்சள் லெமன்தான் கிடைத்தது. அதை முன்சக்கரத்தின் கீழ் வைத்தோம். இரண்டு கேத்தல் சுடுதண்ணீர் ஊற்றி, இயந்திரத்தோடு ஏதோ தமிழில் பேசி, அப்பா அதைக் கிளப்பிவிட்டார். லெமன் நசிந்தது. பனியில் சறுக்காமல் இருக்க அது ஏதோ வெப்பநாட்டு உபாயம் என்று மேட்ரன் நினைத்திருக்க வேண்டும். மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார்.

டிராக்டருக்குப் பின்னால் பனி தள்ளுகிற இரும்புப் பலகை பூட்டியிருந்தது. அப்பா என்னைத் தூக்கி மட்காட்டில் இருத்தி, பிடித்துக்கொள்ளச் சொன்னார். நெம்புகோலை அமத்தினார், பலகை இறங்கியது. மேலிருந்து கேட்டடி வரை ஒரு இழுவை. திரும்பி மேலே ஒரு இழுவை. பனி இரண்டு பக்கமும் ஒதுங்க, பாதை கருமையாகத் தெரியத் தொடங்கியது. மாடி ஜன்னல்களில் கிழவர்கள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். ஒரு பாட்டா தொப்பியைக் கழற்றினார். நான் அரசியைப் போலக் கையசைத்தேன்.

இரண்டாவது சுற்று முடிய எண்ணெய் லொறி வந்து, தடையில்லாமல் ஏறிப் போனது. வேலை முடிந்தது. மேட்ரன் முகமெல்லாம் சிரிப்பாக அம்மாவின் தோளைத் தொட்டு, கேட்டடி வீட்டைக் காட்டி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. என் பின்பக்க அறையின் ஜன்னலில் வெயில் பட்டது.

ஆனால் அப்பா நிறுத்தவில்லை. மறுபடியும் திருப்பினார். நெம்புகோலை இன்னும் கீழே அமத்தினார்.

“தம்பி, பின்னால பார்” என்றார். “பலகை மட்டமா வருதோ?”

மகளான என்னை அப்பா எப்போதும் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

“அப்பா, நான்” என்றேன்.

“வரம்பிலை ஏறாமல் பார்த்துக்கொள், தம்பி.”

குளிரில் எனக்கு விரல் விறைத்துவிட்டது. அழுதேன். மேலே வந்ததும் நிறுத்தி என்னை இறக்கிவிட்டார். முகத்தைப் பார்க்காமலே இறக்கினார். பிறகு தனியாகப் போனார்.

சமையலறைக் கதவடியில் அம்மாவும் மேட்ரனும் நின்றார்கள். நான் அம்மாவின் ஏப்ரனுக்குள் கையை நுழைத்துக்கொண்டு பார்த்தேன். அப்பா செய்வது எனக்குத் தெரிந்ததுதான். தண்ணீர் கட்டி உழுத வயலில், பலகையை நன்றாக அமத்தி இழுத்துச் சேற்றை மட்டமாக்குவார்கள். பலகை அடிக்கிறது என்பார்கள். அப்பா பனிக்குப் பலகை அடித்தார். இரு கரையிலும் நூல் பிடித்ததுபோல வரம்பு எழும்பியது. மூலை வந்ததும் வேகத்தைக் குறைத்து, அரைவட்டம் போட்டு, மட்காட்டுப் பக்கம் தலையைத் திருப்பி ஏதோ சொன்னார். மட்காட்டில் ஆளில்லை.

நாலாவது சுற்றில் சத்தம் மாறியது. வெயிலில் தரை இளகியிருக்க வேண்டும். இரும்புக்குக் கீழே கல் கறகறவென்று உருண்டது. வெள்ளை வரம்புக்குள் சரளைக் கல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. சின்னப்பிள்ளை எனக்கே தெரிந்தது.

“அம்மா, கல்லும் வருது! போதும் எண்டு சொல்லுங்கோ.”

 மேட்ரனுக்கும் விளங்கிவிட்டது. கையைக் காட்டி, போதும் என்று சொல்லச் சொன்னார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். மேட்ரனின் கையை யாரும் அப்படிப் பிடித்து நான் கண்டதில்லை.

“லெட் ஹிம், மேடம்” என்றார். “பிளீஸ். லெட் ஹிம்.”

“அம்மா, கல்லு!”

“வரட்டும். விடு, பிள்ளை. ஓடட்டும்.”

ஆறு சுற்று ஓடினார். இறங்கி வந்தபோது அப்பாவின் முகம் ஈரமாக இருந்தது. குளிர் என்று நினைத்தேன். அம்மா ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்தார். “மட்டம் நல்லா வந்திட்டுது” என்றார் அப்பா. “ஓம்” என்றார் அம்மா.

அந்தக் கிழமையே பனி உருகியது. பாதை இருந்த இடத்தில் வழுவழுப்பான மண். இரண்டு பக்க வரம்பும் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ள, நாற்று நடலாம் போலச் சேறு. இல்லத்துக்குச் சொந்தமான சரளைக் கல் அத்தனையும் புல்லுக்குள்ளும் ரோஜாப் பாத்திக்குள்ளும் கிடந்தது. எண்ணெய் லொறிக்காரர் அடுத்த தடவை கேட்டடியிலேயே நின்று தலையைச் சொறிந்தாராம். மேட்ரன் நல்ல மனுஷி, சத்தம் போடவில்லை. அம்மாவின் வேலைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பச்சைக் கதவு வீட்டுக்கு, சொந்தமாக வான் வண்டி வைத்திருந்த புதுத் தோட்டக்காரர் ஒருவர் குடிவந்தார். பின்பக்க அறையில் அவர் சைக்கிளை நிறுத்தியிருந்தார். ஜன்னலில் மூக்கை அழுத்தி அதைப் பார்த்தபோது எனக்கு வந்த அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை நாங்கள் புல்லுக்குள் கல் பொறுக்கினோம். வாளி வாளியாகப் பொறுக்கிக் கொண்டுபோய்ப் பாதையில் கொட்டினோம். நான் அப்பாவோடு பேசவில்லை. ஒவ்வொரு கல்லைப் போடும்போதும் அவருக்குக் கேட்கட்டும் என்று ஓங்கிப் போட்டேன். எனக்கு விளங்காதது அம்மாவின் நடத்தைதான். பானை கரிந்தால் மூன்று நாள் பேசுகிறவர், பஸ் டிக்கெட்டைத் தொலைத்ததற்கு ஒரு மாதம் பேசியவர், இந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து பொறுக்கிக்கொண்டே இருந்தார். அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும்போது, அவருடைய வாளியிலிருந்து அரைவாசியைத் தன் வாளிக்கு மாற்றிக்கொள்வார்.

அதன் பிறகு ஒவ்வொரு மாசியிலும் ஒரு நாள், அப்பா வேலைக்கு லீவு போட்டு, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவிலுக்குப் போனார். அன்று வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. வாழையிலை வாங்கிப் படைப்பார்கள். அப்பாவுக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மா ஏதோ நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பதினாறு வயதில்தான் கேட்டேன், இது யாருக்கு என்று.

“உன்ர சித்தப்பாவுக்கு” என்றார் அம்மா, இலையைத் துடைத்தபடி. “பனி கொட்டினதுக்கு முதல் நாள் கடிதம் வந்ததல்லோ. வயலுக்குள்ள, மிசினில இருக்கேக்குள்ள ஆமி அடிச்ச செல் விழுந்து, அந்த இடத்திலையே போயிட்டாராம்.”

 பிறகு, ஏழு வருடமாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். “கல் வருது எண்டு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதுதானே அம்மா?”

“கேட்டது.”

“அந்த வீடு உங்களுக்கும் விருப்பம்தானே?”

அம்மா இலையை விரித்துச் சோற்றை வைத்தார்.

“திரைச்சீலைத் துணி வாங்கி வச்சிருந்தனான்” என்றார்.