ரஸ்தாளியும் கிராம்பும்

என்னுடைய பழைய மருத்துவ அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியின் டாக்டர் அதில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார். வாசனை தெரியாமல் போனதற்குக் காரணம் மதுப்பழக்கம். எழுதுவதற்கு அவருக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதைப் படிக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. மூக்கு போனது ஒரு பக்கம். போனதற்கான பழியையும் என் தலையிலேயே கட்டியது இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஏனென்றால் அந்த வரியை என் மனைவியும் படித்தாள், நம்பினாள்.

அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. கடம்பத்தூரில் அவளுடைய அப்பா சாராயம் குடித்தே செத்தவர். கல்யாணமான புதிதில் நான் ஒரு பீர் பாட்டிலோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அன்றைக்கே என் கண்ணாடி டம்ளருக்குத் தனி இடம் ஒதுக்கிவிட்டாள். சமையல்கட்டுக்கு வெளியே, துடைப்பத்துக்குப் பக்கத்தில். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பாட்டில். அதையும் முழுதாகக் குடித்து முடித்த நாட்கள் குறைவு. நான் போதைக்குக் குடிப்பவன் இல்லை, ருசி பார்ப்பவன் என்று அவளுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன்.

"எங்கப்பாவும் மொதல்ல ருசிதான் பாத்தாரு" என்பாள்.

வெளியிலும் இதே கதைதான். ஒயின் ஷாப்பில் போய் லைட் பீர் கேட்டால் கம்பிக்குப் பின்னால் இருப்பவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

"ஏறாத பீரு இன்னாத்துக்குபா? சோடா வாங்கிக் குட்ச்சிட்டுப் போயேன்" என்பார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை அவர் கொடுத்த பாட்டிலைத் திறந்ததும் கெட்ட வாடை அடித்தது. பெட்டியை வெயிலில் போட்டு வைத்திருக்கிறார்கள், வெயில் பட்டால் பீர் நாறும், மாற்றிக் கொடுங்கள் என்று திரும்பக் கொண்டுபோனேன். நான் என்னவோ மாப்பிள்ளை வீட்டு முறுக்கில் பேசுவதுபோல் கடையே வேடிக்கை பார்த்தது. வாங்கிய பொருள் கெட்டிருக்கிறது என்று காய்கறிக் கடையில் சொல்லலாம், பால் பூத்தில் சொல்லலாம். பீர் வாங்குகிறவனுக்கு மட்டும் நாக்கும் மூக்கும் இருக்கக் கூடாது என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை.

எனக்கு மூக்கு இருந்தது. அது சாதாரண மூக்கு இல்லை. தற்பெருமைக்குச் சொல்லவில்லை, கம்பெனியே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பெயிண்ட், வார்னிஷ் தயாரிப்பவர்கள் பயன்படுத்திவிட்டுத் தரும் சால்வென்ட்டை, அதாவது பெயிண்டைக் கரைக்கும் திரவத்தை, காய்ச்சிச் சுத்தப்படுத்தித் திருப்பிக் கொடுப்பது எங்கள் தொழில். டிரம் டிரம்மாக வரும். அதன்மேல் சாக்பீஸில் எழுதியிருப்பதெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது. எந்த டிரம்மில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள லேப் இருந்தது. ஆனால் லேபுக்கு மாதிரி அனுப்பினால் ஒரு மணி நேரம் ஆகும்.

"லாரி நின்னுக்கினு கீது, லேப்புக்கு அனுப்சா எப்போ வர்றது? நீ மோந்து சொல்லு நைனா" என்பார் ஷிப்ட் இன்சார்ஜ்.

நான் மூடியைத் திருகி, குனிந்து, ஒரு இழுப்பு இழுத்துச் சொல்லிவிடுவேன். டொலுவின், அசிட்டோன், மூன்றாவது வரிசையில் அமைல் அசிடேட். இந்தக் கடைசிச் சரக்கு பழுத்த வாழைப்பழம்போல மணக்கும். ஒரு நாளைக்கு இருபது டிரம்மாவது முகர்ந்திருப்பேன். மாஸ்க் போட்டால் வாசனை தெரியாது என்று டிரம்களை அடுக்கி வைத்திருந்த அந்த யார்டில் எனக்கு மட்டும் மாஸ்க் கிடையாது. அதையும் ஒரு மரியாதையாக நினைத்துக்கொண்டு, கேட்காமலே இருந்தேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

ருசி பார்க்கும் பழக்கம் எனக்கு ஏற்கெனவே இருந்தாலும், அது பைத்தியமாக முற்றியது அந்த வெளிநாட்டு இன்ஜினியர் வந்த பிறகுதான். சால்வென்ட் காய்ச்சும் புதிய கோபுரத்தை நிறுவிக் கொடுக்க ஜெர்மனியிலிருந்து வந்தவர், என் வயதுதான் இருக்கும். அவருடைய அண்ணன் தன் கிராமத்தில் சின்னதாக ஒரு பீர் பட்டறை வைத்திருந்தாராம். அந்த ஊர்க்காரர்கள் குடிக்கும் அளவுக்கு மட்டும் காய்ச்சுவார்களாம், வெளியூருக்கு அனுப்புவதில்லையாம். அதில் நாலு பாட்டிலை சாக்ஸில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கெஸ்ட் ஹவுஸுக்கு என்னைக் கூப்பிட்டு ஒன்றைத் திறந்தார். முக்கால்வாசி ஊற்றிவிட்டு, மீதியைப் பாட்டிலிலேயே சுழற்றி, அடியில் இருந்த வண்டலோடு சேர்த்து டம்ளரில் கவிழ்த்தார். கலங்கலாக, நுரை நாலு விரல் உயரத்துக்கு நின்றது.

நான் குடிக்கவில்லை. முதலில் முகர்ந்தேன்.

கிராம்பு. அதற்குப் பின்னால் வாழைப்பழம். எந்தப் பழம் என்று யோசித்தேன். ரஸ்தாளி, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அண்ணன் பட்டறைக்கு வருகிறவர்களில் இதைத் தானாகச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு என்றார். எங்கள் யார்டின் மூன்றாவது வரிசையிலும் இதே வாழைப்பழ வாசனைதான் என்றேன். அவர் சிரித்தார். இரண்டும் ஒரே சரக்குதான், ஈஸ்ட் அதைத் துளியிலும் துளியாகச் செய்கிறது, உங்கள் கம்பெனி டிரம்மில் வைத்திருக்கிறது என்றார். பிறகு, அதை எப்படி உனக்குத் தெரியும், மாஸ்க் போடுவதில்லையா என்று கேட்டார். மாஸ்க் போட்டால் எப்படி முகர்வது என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் ஊருக்குப் போன மறுநாளே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். என்ன பீர், எங்கே வாங்கினது, நிறம், நுரை, வாசனை, கசப்பு. டம்ளரை சோப்பால் கழுவினால் நுரை நிற்காது என்று உப்பு போட்டுத் தேய்ப்பேன். அப்போது எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மீன் மார்க்கெட் பக்கம் ஐஸ் வாங்கி, பாட்டிலில் மீன் வாடை ஒட்டாமல் மூன்று சுற்று பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளிர வைப்பேன். நம் கடைகளில் இல்லாத தினுசு கிடைக்குமா என்று ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரா எல்லைக்குப் பஸ் ஏறுவேன். ஒரு தடவை கறுப்பு பீர் ஒன்று கிடைத்தது. வறுத்த கொத்தமல்லி, கருப்பட்டி, ஈர மண் என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன். பெங்களூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கடையிலேயே காய்ச்சி ஊற்றும் இடம் ஒன்றைத் தேடிப் பிடித்து, முகூர்த்தத்துக்குத் தாமதமாகப் போய் மாமனார் வீட்டு ஆட்கள் அத்தனை பேரிடமும் திட்டு வாங்கினேன். அங்கே குடித்த பீருக்கே நோட்டில் இரண்டு பக்கம் போனது.

அப்புறம் பக்கங்கள் சுருங்க ஆரம்பித்தன. எனக்கு அது தெரியவில்லை. பீர் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். முன்பு பத்து வரி எழுதிய அதே பீருக்கு மூன்று வரி, பிறகு ஒரு வரி. காசைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீரை அடைத்து விற்கிறார்கள் என்று கோபம் தலைக்கேறி, லேபிளில் இருந்த விலாசத்துக்குக் காரசாரமாக ஒரு கடிதமே போட்டேன். பதில் வரவில்லை. அந்தக் கம்பெனிக்காரர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் பீரில் ஒரு குறையும் இல்லை.

உண்மை தெரிந்தது யார்டில். வழக்கம்போல முகர்ந்து ஒரு டிரம்மை அசிட்டோன் என்று சொன்னேன். அது வேறு. ஒரு டேங்க் முழுக்கச் சரக்கு வீணானது. அத்தனை வருஷம் லேபே வேண்டாம் என்று என் மூக்கை நம்பியவர்கள், அன்றைக்குத்தான் லேபில் ஏன் கொடுக்கவில்லை என்று மெமோ கொடுத்தார்கள். முகர்ந்து சொல்லச் சொன்ன இன்சார்ஜ் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையில் வீட்டில் பால் பொங்கி அடுப்பில் தீய்ந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி தெருக்குழாயிலிருந்து ஓடிவந்தாள்.

"இன்னாய்யா, ஊடே நாறுது, உனக்கு ஒண்ணும் தெர்லியா?"

தெரியவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

கம்பெனி டாக்டரிடம் போனேன். போகும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். இதுதான் நான் செய்த மகா முட்டாள்தனம். எந்த மாதம் எவ்வளவு வாசனை தெரிந்தது, எப்போதிலிருந்து குறைந்தது என்று எழுத்தில் இருக்கிறது, இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். டிரம் முகர்வதையும் மாஸ்க் இல்லாததையும் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நோட்டைப் புரட்டினார்.

"இது எல்லாமே பீரா? கணக்கு வச்சு குடிப்பீங்களா?" என்றார்.

ருசி பார்ப்பது என் பொழுதுபோக்கு சார் என்றேன். அவர் பக்கத்திலிருந்த நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். என் மூக்குக்கு நேரே ஒரு சிட்டிகை காப்பித்தூளைக்கூட நீட்டிப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை எழுதினார். தபால்தலை சேர்க்கிறவனுக்குக் கை வலித்தால் தபால்தலையைக் குற்றம் சொல்வார்களா? நான் சேர்த்தது பீர் என்பதால் விசாரணையே தேவைப்படவில்லை. யார்டிலிருந்து என்னைத் தூக்கி கேட்டுக்குப் பக்கத்தில் பேக்கிங்கில் போட்டார்கள். என் இடத்துக்கு, தேர்வாய் கண்டிகை பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவரைப் போட்டார்கள். மூன்று பெண் குழந்தைகளுக்கு அப்பா. அவருக்கும் மாஸ்க் இல்லை. அவரிடமும், "இன்னா மூக்குபா உன்னுது" என்று இன்சார்ஜ் சொல்வது பேக்கிங் வரைக்கும் கேட்டது. நான் போய் அந்த மனிதரைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, "நீ குட்ச்சதாலதான் போச்சுனு சொன்னாங்களேண்ணா" என்றார்.

வீட்டில் அதைவிட மோசம். அட்டையைப் படித்த என் மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. துடைப்பத்துக்குப் பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்து என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள். சோறு போடுவாள், பேச மாட்டாள். என் மாமனாரைப் பார்த்த கண்ணால் என்னைப் பார்க்க ஆரம்பித்தாள். டாக்டர் எழுதியது பொய் என்று சொல்லச் சொல்ல, குடிகாரன் சொல்லும் சால்ஜாப்பு மாதிரியே எனக்கும் கேட்டது. நான் பீர் வாங்குவதை நிறுத்தினேன். வாங்கினாலும் என்ன, வாயில் சில்லென்று கசப்பாக ஏதோ போகும், அவ்வளவுதான்.

கோபுரத்தைச் சரிபார்க்க அந்த இன்ஜினியர் மறுபடி வந்தார். என்னை யார்டில் காணாமல் பேக்கிங்குக்குத் தேடிக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த பையைக் கொடுத்தார். அண்ணன் பட்டறை பாட்டில், அதே சாக்ஸ் சுற்றல்.

அந்த ஞாயிறு மதியம் வீட்டில் அதைத் திறந்தேன். அவர் செய்ததுபோலவே சுழற்றி, வண்டலோடு ஊற்றினேன். டம்ளருக்குள் மூக்கை விட்டு எவ்வளவு இழுத்தும் ஒன்றுமில்லை. வெறும் காற்று. நோட்டில் பழைய பக்கத்தை எடுத்துப் படித்தேன். கிராம்பு, ரஸ்தாளி, தோலில் புள்ளி விழுந்தது. எழுதியவன் வேறு யாரோ போலிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷத்தில் என் டம்ளரை அவள் விரலால்கூடத் தொட்டுக் கழுவியதில்லை. வந்து எதிரில் உட்கார்ந்தாள். டம்ளரை எடுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"கிராம்பு" என்றாள்.

மறுபடி முகர்ந்தாள். இந்த முறை ரொம்ப நேரம். முகத்தில் இருந்த சுளிப்பு போய்விட்டது.

"இன்னொண்ணு?" என்றேன்.

"பழம்னு எழுதிக்கீறே நீ. பழம் இல்லய்யா இது. உன் சட்டை. டூட்டி வுட்டு வந்து கழட்டிப் போடுவியே, அந்த வாசனை. பத்து வருசமா நாந்தான தோய்க்கிறேன், எனக்குத் தெரியாதா?"

டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் பீரோவைத் திறந்து அந்த அட்டையை எடுத்துவந்து, டாக்டர் எழுதிய வரியை இன்னொரு தடவை படித்தாள்.

"சட்டையிலயே அம்மாம் வாசனை கீதுனா உன் மூக்குக்குள்ள எவ்ளோ போய்க்கீது" என்றாள்.

நோட்டில் கடைசியாக இருந்த வெள்ளைப் பக்கத்தைத் திறந்து என் கையில் பேனாவைக் கொடுத்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கிராம்பு. வீட்டுக்காரர் சட்டை.