வலப்பக்கச் சுழல்கள்

எங்கள் விமானிப் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பட்டப்பெயர் பம்பரம். வானத்தில் கட்டுப்பாடு இழந்து, சுழன்றபடி கீழே விழும் விமானத்தை மீட்பது எப்படி என்று கற்றுக்கொடுப்பதே அவர் வேலை. பஸ் டிரைவரின் மகன். பதினேழு வயதில் இங்கே விமானம் கழுவ வந்தார். முப்பத்தோரு வயதில் விமானி உரிமம் வாங்கினார். சென்ற டிசம்பர் முடிய அவர் நிறுத்திய சுழல்கள் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. பதிவேட்டில் எழுதியவன் நான். எண்ணிக்கையில் பிழை இராது.

எந்தப் பக்கம் சுழன்றது, எத்தனை சுற்று, எந்த உயரத்தில் நின்றது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுவோம். பிப்ரவரியில் ஆண்டறிக்கை தயாரித்தபோதுதான் கவனித்தேன். அக்டோபர் ஒன்பதுக்குப் பிறகு வலப்பக்கச் சுழல் ஒன்றுகூட இல்லை. நூற்றுப் பதினெட்டும் இடப்பக்கம்.

இடப்பக்கம் சுழலும் விமானத்தை நிறுத்த வலது பெடலை வலது காலால் மிதிக்க வேண்டும். வலப்பக்கம் சுழன்றால் இடது பெடலை இடது காலால், முழுப் பலத்தோடு. பயிற்சி பெறுபவர் பயத்தில் உறைந்துவிட்டால், ஆசிரியரின் கால்தான் இரண்டு பேருக்கும் உயிர்.

அவரை என் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "இடது காலுக்கு என்ன?"

"உங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா, அண்ணே?" என்று சிரிக்கப் பார்த்தார். "குளியலறையில வழுக்கி விழுந்தேன். முதுகுல நரம்பு அழுந்திப்போச்சு. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியல."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தா உரிமத்தைப் பிடுங்கிடுவாங்க. ரெண்டே மாசம், சரியாயிடும். உங்க கால்ல விழறேன்."

"விழுந்தா எழுந்திரிக்க முடியுமா?" என்றேன். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாது. மாடி ஏற முடியாம கீழயே படுத்துக்கறேன். என்மேல கோபமா, என்மேல கோபமான்னு சம்சாரம் தினமும் கேக்கறா."

அவரே போய்ச் சொல்லட்டும் என்று வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

வியாழக்கிழமை காலை, ஆம்புலன்ஸ் விமானம் ஓட்டப் பயிற்சி பெறும் பெண் என் மேசையருகே நின்றிருந்த அவரைப் பிடித்துக்கொண்டார். முன்னாள் நர்ஸ், இரண்டு குழந்தைகளின் தாய்.

"சார், நாளைக்குத் தேர்வு. வலப்பக்கம் ஒரு தடவைகூடப் பண்ணல. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். 'போகாதீங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பினார்கள்.

பத்து இருபத்தைந்துக்கு அந்தப் பெண் முதலில் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "மூணாவது சுத்துல எனக்குக் காலும் ஓடல, கையும் ஓடல. சார்தான் காப்பாத்தினார்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். பின்னால் இவர் சுவரைப் பிடித்தபடி வந்து நாற்காலியில் விழுந்தார்.

பதிவேட்டைத் திறந்தேன். தொடங்கிய உயரம் ஆறாயிரம் அடி. மூவாயிரத்துக்கு மேலேயே சுழல் நின்றாக வேண்டும் என்பது விதி.

"எங்க நின்னுச்சு?"

"காலு போகவே இல்லண்ணே. முட்டியைக் கையால பிடிச்சுத் தள்ளினேன். அப்பவும் போகல. கடைசில வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு மிதிச்சேன்."

"உயரம்?"

"மூவாயிரத்து நூறுன்னு போடுங்க. அவங்க கண்ணை மூடிட்டிருந்தாங்க, தெரியாது."

நான் எழுதவில்லை.

"முப்பத்தேழு வருஷம், அண்ணே. இதை விட்டா எனக்கு என்ன தெரியும்? தரையில நின்னுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

குழாயடியில் அந்தப் பெண் போனில் பேசுவது கேட்டது. "அம்மா சாயங்காலம் வந்துடுவேன்டி. அதுவரைக்கும் தம்பியை அடிக்காத."

அவருக்கும் கேட்டது.

"எண்ணூத்தி நாப்பது அடி" என்றார்.

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்க இரண்டு முறை முயன்றார், முடியவில்லை. மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி, "அவர்கிட்ட குடுங்க" என்றார்.

நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இரண்டு கைகளாலும் இடது தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கையில் போன், "என்னங்க, இருக்கீங்களா? என்னங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.