குளத்தில் ஊற்றிய எண்ணெய்

எங்கள் ஊர்க் குளத்தை யாராவது அழகு என்று சொன்னால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அல்லியும் தாமரையுமா மிதந்தது அதில்? சாணி மிதந்தது. எச்சில் இலை மிதந்தது. ஓரமெல்லாம் பாசி பிடித்து, ஒரு கை தண்ணீர் அள்ளினால் அதில் பொடிப்பொடியாகப் புழு நெளியும். அந்தப் புழுதான் கொசுவாகிறது என்று எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் எங்கள் ஊரில் எவனும் துரும்பை நகர்த்தியிருக்கமாட்டான், அது வேறு கதை. புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர்ப் பக்கம், கிருமாம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி, நெல்லும் கரும்பும் விளைகிற ஊர் எங்களுடையது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம்.

அந்தக் குளத்தில்தான் வெல்லம் கரைப்பார்கள். உடம்பில் கட்டியோ, மருவோ, வீக்கமோ எது வந்தாலும் அதுதான் வைத்தியம். வெள்ளிக்கிழமை காலையில் படியில் இறங்கி, ஒரு வெல்லக்கட்டியைத் தண்ணீரில் போட்டு, இது கரைகிற மாதிரி அதுவும் கரையவேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு, வீங்கின இடத்தை முக்கி எடுக்கவேண்டும். எங்கள் ஊரில் யானைக்கால் இல்லாத தெரு கிடையாது. ஆகவே வெள்ளிக்கிழமை என்றால் படி முழுக்கக் கால்கள்தான். வெடித்த கால், நீர் வடிகிற கால், ஈ மொய்க்கிற கால். எல்லாவற்றையும் அதில் முக்கிவிட்டு, அதே படியில் நின்று அதே தண்ணீரைத் தீர்த்தம் என்று ஒரு கை குடித்துவிட்டும் போவார்கள். சீ! இதை எழுதும்போதே எழுந்து போய் வாய் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

அந்தக் கால்களில் ஒன்று என் அக்காவுடையது.

அக்காவைக் கரையாம்புத்தூரில் கொடுத்திருந்தோம். தையில் கல்யாணம். முதல் ஆடிக்கு அழைத்து வந்தபோதே அவளுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிர்க்காய்ச்சல் அடித்துப் படுத்தாள். காய்ச்சல் விட்டது. இடது கணுக்கால் வீங்கினது வீங்கினபடியே நின்றுவிட்டது. கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளிக் காப்பு அந்தக் காலில் ஏறவில்லை. தினமும் எழுந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, அந்தக் காப்பைக் கணுக்காலில் வைத்துப் பார்ப்பதுதான். ஏறாது. எடுத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டு வாசல் பெருக்கப் போவாள்.

ஆவணி பிறந்ததும் அவளை அழைத்துப்போக மாமியாரும் மாப்பிள்ளையும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மாமியார் உள்ளே வந்தார், அக்காவின் புடவையைத் தூக்கிக் காலைப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பார்ப்பார்களே அப்படி. பிறகு என் அம்மாவிடம் சொன்னார்:

“தோ பாருங்க சம்மந்தி, தை பொறக்கறதுக்குள்ள இந்தக் காலு வத்தணும். வத்திச்சா கூட்டிக்கினு போறோம். இல்லாங்காட்டி எம்புள்ளைக்கு நான் வேற எடம் பாத்துக்குவேன். அப்பால எம்மேல வருத்தப்படக்கூடாது.”

மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கவேயில்லை. மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கதவிடுக்கு வழியாக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த மனிதரிடம் பிரியம் இருந்தது. என்ன கண்றாவியோ, இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை, பலகாரம் இல்லை. வந்த வெல்லமெல்லாம் குளத்துக்குப் போனது. வெள்ளிதோறும் அம்மா அக்காவை இழுத்துக்கொண்டு போய் முக்கி எடுத்தாள். வெல்லம் கரைந்தது. கால் கரையவில்லை.

கார்த்திகை அடைமழை விட்ட பிறகு ஒருநாள் தமுக்கு அடித்தார்கள். புதுச்சேரியிலிருந்து சர்க்கார் டாக்டர் வருகிறார், யானைக்காலை ஒழிக்கப்போகிறார், எல்லோரும் குளத்தங்கரைக்கு வரவேண்டும் என்று. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். அக்காவும் நானும் பின்னால் போனோம்.

டாக்டர் வெள்ளைக்காரர். தலையில் பெரிய தொப்பி, மூக்கில் கைக்குட்டை. மூக்கை மூடினதற்காக அவரை நான் குறை சொல்லமாட்டேன், அந்தக் குளத்தங்கரையில் மூக்கை மூடாதவனுக்குத்தான் மூக்கில் கோளாறு. கோயில் மதிலில் ஒரு படத்தைத் தொங்கவிட்டு, கோலால் தொட்டுத் தொட்டு வெகுநேரம் பேசினார். கொசு தண்ணீரில் முட்டையிடுவது, புழுவாவது, பறப்பது, ஒருவனைக் கடித்துவிட்டு இன்னொருவனைக் கடிப்பது எல்லாம் அந்தப் படத்தில் இருந்தது. மனிதர் வியர்க்க வியர்க்கப் பேசினார். பொய் சொல்வானேன், அவர் சொல்ல வந்தது சரியான விஷயம்தான் என்று பல வருஷம் கழித்து எனக்கே தெரிந்தது.

ஆனால் அது எங்கள் காதுக்கு வரவில்லையே! அவர் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்ல நடுவில் ஒரு துபாஷி இருந்தார். பட்டணத்து ஆள், வெள்ளைக் கோட்டு, காலில் பளபளவென்று சப்பாத்து, கக்கத்தில் குடை. டாக்டர் அத்தனை நேரம் பேசியதை அவர் நாலு வார்த்தையில் முடித்தார்.

“கொசு ரொம்ப கெட்டது. அதனாலதான் யானைக்கால். தொரை இப்ப குளத்துல மருந்தெண்ணெய் ஊத்தப்போறார். எண்ணெய் ஊத்தினா யானைக்கால் ஒழிஞ்சிபோயிடும். எல்லாரும் ஒத்தாசை பண்ணணும். அவ்ளோதான்.”

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்க் கும்பிட்டாள். “சாமி, ஏற்கெனவே வந்த காலு போவுமா சாமி?”

துபாஷியின் கண் எங்கள் மேல் இல்லை. ஊரில் பெரிய நிலக்காரர் வீட்டில் அன்று அவர்களுக்கு விருந்து, கறி வேகிற வாசனை தெரு முழுக்க வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, “போவும் போவும், எல்லாம் போவும்,” என்றார். டாக்டர் ஏதோ கேட்டார். துபாஷி தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அம்மாவின் கேள்வி டாக்டருக்குப் போய்ச் சேரவேயில்லை.

தகர டின்களில் கொண்டுவந்திருந்த எண்ணெயை ஆட்கள் பூவாளியில் ஊற்றிக் குளத்தில் தெளித்தார்கள். மண்ணெண்ணெயும் ஏதோ கறுப்பு எண்ணெயும் கலந்தது. படியோரம்தான் நிறைய ஊற்றினார்கள். வண்ணவண்ணமாகப் படர்ந்தது. பிறகு வந்தவர்கள் எல்லோரும் நிலக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

இதற்கு எங்கள் ஊர் என்ன அர்த்தம் செய்துகொண்டது தெரியுமா? வெல்லம் கரைக்கிற அதே குளம். அதே படி. அதே யானைக்கால். நாம் வெல்லம் போடுகிறோம், சர்க்கார் எண்ணெய் போடுகிறது, வேறென்ன? வெல்லத்துக்குக் கரையாதது துரை எண்ணெய்க்குக் கரையும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். புழுவைக் கொல்ல ஊற்றினது என்று ஒரு ஜீவனுக்கும் தோன்றவில்லை. டாக்டரின் வண்டி தெருமுனை திரும்பவில்லை, பெண்கள் துணியும் கலயமுமாக இறங்கிவிட்டார்கள். துணியை விரித்துத் தண்ணீர் மேல் ஒற்றுவது, கலயத்தில் பிழிவது, மறுபடி ஒற்றுவது. ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு, “எனக்குக் கொஞ்சம் வுடுடி, எம்மாமனாருக்கு ரெண்டு காலும் கீது,” என்று கத்திக்கொண்டு! ஒரு கிழவர் அதை உள்ளங்கையில் அள்ளிக் குடித்தே விட்டார். பொழுது சாய்வதற்குள் குளத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. புழுக்கள் நிம்மதியாக நெளிந்துகொண்டிருந்தன.

எங்கள் அம்மா அரைக் கலயம் கொண்டுவந்தாள். சாதாரண எண்ணெயா அது? பாசியும் சாணியும் ஊரார் கால் சீழும் கலந்த எண்ணெய். அதை அக்காவின் காலில் அழுத்தித் தேய்த்து, மேலே எருக்கிலை வைத்து, பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள்.

“எரியுதும்மா,” என்றாள் அக்கா.

“எரிஞ்சாத்தான் உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம். பொறுத்துக்க. தைக்கு நீ ஒன் வூட்டுக்குப் போவணுமா வேணாமா?”

அந்த ஒரு பேச்சுக்கு அக்கா வாயை மூடிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். கட்டின் மேலேயே அம்மா மறுபடி மறுபடி எண்ணெய் விடுவாள். “அவுத்துதான் பாரேம்மா, நாத்தம் அடிக்குது,” என்று நான் சொன்னதற்கு என் முதுகில் ஒன்று விழுந்தது. கடைசியில் நாற்றம் பொறுக்காமல் அம்மாவே அவிழ்த்தாள். இலையோடு தோலும் வந்தது. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாகக் கொழகொழவென்று இருந்தது. ஈ எங்கிருந்துதான் வந்ததோ, அந்த நிமிஷமே வந்து உட்கார்ந்தது. நான் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அக்காவால் ஓடமுடியுமா? அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தை பிறப்பதற்கு முன் மாமியார் வந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

“இத்த வச்சிக்கினு எம்புள்ள எப்பிடி குடும்பம் நடத்துவான்? நீங்களே சொல்லுங்க,” என்றார்.

மாப்பிள்ளை இந்தத் தடவையும் வண்டியில்தான். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வாசலுக்கு வந்தாள். “ஆறிடும், கொஞ்ச நாள்ல ஆறிடும், நான் வந்துடறேன்,” என்று வண்டியைப் பார்த்துச் சொன்னாள். அந்த மனிதர் திரும்பவில்லை. தூ! இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பிடரியை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தை முடிவதற்குள் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். சேதி கேட்டு அம்மாதான் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. புண்ணைக் கழுவி, துணி மாற்றிக் கட்டிக்கொண்டு, நெல் குத்தப் போனாள்.

அந்தப் புண் ஆறவேயில்லை. அடுத்த கார்த்திகையிலும் சீழ் வடிந்துகொண்டுதான் இருந்தது. அப்போதுதான் மறுபடி தமுக்குச் சத்தம். அதே டாக்டர், அதே துபாஷி, அதே டின்கள். படம் மட்டும் வரவில்லை, வழியில் மழையில் நனைந்து கிழிந்துவிட்டதாம். படம் இல்லாமல் டாக்டர் எப்படிப் பாடம் நடத்துவார்? துபாஷி நிலக்காரரின் ஆளிடம், “நல்லா வீங்கின காலா ஒண்ணு இட்டுக்கினு வாப்பா,” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த ஆள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான்.

எனக்கு அவன் மூஞ்சியில் துப்பவேண்டும் போலிருந்தது. அம்மா மட்டும், “போடி, தொரை கண்ணால பாத்தாருன்னா மருந்து குடுப்பாரு,” என்றாள். அக்கா எழுந்து நடந்தாள்.

குளத்தங்கரையில் ஒரு பெஞ்சைப் போட்டு அதன் மேல் அவளை ஏற்றினார்கள். ஊரே கூடியிருந்தது. துபாஷி தன் குடைமுனையால் அவள் புடவை ஓரத்தை முழங்கால் வரைக்கும் தூக்கினார். கையால் தொட அவருக்கு அருவருப்பு. குடைமுனையால் ஒரு பெண்ணின் புடவையைத் தூக்க அருவருப்பு இல்லை.

“நல்லா பாத்துக்குங்க. குளத்துல எண்ணெய் ஊத்த வுடாத ஊருக்கு இதான் கதி,” என்றார்.

“இது ஊத்தின ஊருய்யா,” என்றாள் அக்கா.

அவள் குரல் ஏறவில்லை, இறங்கவுமில்லை.

“போன வருசம் எங்கம்மா ஒன்னாண்ட கேட்டுது, வந்த காலு போவுமான்னு. போவும் போவும்னு சொன்னவன் நீதான். அந்த எண்ணெயில வெந்த காலு இது. என் வூட்டுக்காரன் வேற ஒருத்திய கட்டிக்கினான். இத்த அப்பிடியே தொரையாண்ட சொல்லு.”

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே துபாஷியிடம் என்னவென்று கேட்டார். துபாஷி குனிந்து சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் மெர்சி என்றால் நன்றி என்று தெரியாதவர்கள் அந்தச் சீமையில் யாருமில்லை, பாகூர்க் கடைத்தெருவில் பாய் கடைப் பையன்கூடச் சொல்வான். அவர் பேசினதில் அது இரண்டு தடவை வந்தது. டாக்டர் முகம் மலர்ந்து, தொப்பியைத் தொட்டு அக்காவுக்கு மரியாதை செய்தார். பெட்டியிலிருந்து ஒரு சோப்புக் கட்டியை எடுத்து நீட்டச் சொன்னார்.

அக்கா அதை வாங்கவில்லை. பெஞ்சின் மேலேயே குனிந்து, காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவிழ அவிழக் கூட்டம் பின்னால் போயிற்று. கடைசிச் சுற்று புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் இழுத்தாள். சொட்டச் சொட்ட அந்தத் துணியை எடுத்துத் துபாஷியின் வெள்ளைக் கோட்டின் மேல் தோளில் போட்டாள்.

“நன்றியா சொன்னேன் நான்? இந்தா, இத்தையும் சேத்து சொல்லு.”

துபாஷி வீல் என்று கத்திக்கொண்டு குளத்துப் படிக்கு ஓடினார். இந்தத் தடவை முதலிலேயே சாப்பிட்டுவிட்டு வந்திருந்த நிலக்காரர் வீட்டுக் கறிச்சோறு முழுக்க அங்கே வெளியே வந்தது. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, கிட்டத்தில் வந்து குனிந்து, அக்காவின் காலை உற்றுப் பார்த்தார். நிமிர்ந்து அவளிடமே ஏதோ கேட்டார். எங்களைக் கேட்டார். எங்களில் யாருக்கும் புரியவில்லை.

“எறங்கி வாடி, போலாம்,” என்று அம்மா அழுதாள்.

அக்கா புடவையை இறக்கவில்லை. படிப் பக்கம் கையைக் காட்டினாள். “அவன் வாந்தி எடுத்து முடிக்கட்டும். வந்து இவராண்ட சொல்லட்டும். அது வரைக்கும் நான் இங்கியே நிக்கறேன்.”